சபை நாடக விழாவில் ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்வென்ட் (கிறிஸ்மஸுக்கு முந்தின நான்கு வாரம்) தொடங்கியதும் ஞாயிறு பள்ளி டீச்சர்களும் வாலிபர் சங்கத் தம்பிகளும் கேட்க ஆரம்பிக்கிற கேள்விகள் இவை. நான் நடித்ததும் இல்லை, நாடகம் எழுதியதும் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபையில், கிறிஸ்மஸ் கலைவிழா அன்று மேடையின் இடது ஓரத்தில் டார்ச்சும் தாளுமாக நிற்கிற ஆள். அங்கே நின்றால் நாடகம் பாதிதான் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் நடப்பது முழுசாகத் தெரியும்.

நாடகம் நன்றாக இருந்தால் போதாதா? நடுவில் கொஞ்சம் தாமதம் ஆனால் என்ன?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிறிஸ்மஸ் மாலைக்கு 14 நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 13 இடைவெளி. ஒவ்வொன்றும் 3 நிமிடம் இழுத்தால் 39 நிமிடம் சபை வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதையே 1 நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் 26 நிமிடம் மிச்சம். ஒரு முழு நாடகமே போடலாம்.

நேரத்தைக்கூட விடுங்கள். எங்கள் சபையில் ஒரு வருடம், மரியாள் வேடம் போட்ட பெண் குழந்தையை முன்னணையில் (மாட்டுத் தீவனத் தொட்டியில்) கிடத்திவிட்டு நிமிர்ந்தபோது கோயிலே அசையாமல் இருந்தது. விளக்கு அணைந்தது. அடுத்த விநாடி ஸ்பீக்கரில் “ஹலோ, செக், செக்” என்று ஒரு குரல். அதற்குப் பின்னாலேயே, “ஏல, அந்த பிளாஸ்டிக் சேரை எடுல.” கூட்டம் சிரித்துவிட்டது. அப்புறம் கிழக்கிலிருந்து வருகிற சாஸ்திரிகள் (ஞானிகள்) வந்து பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் வைத்ததை யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் ஒன்றரை மாதம் பழகிய நாடகம் அது. அந்த அரை நிமிடத்துக்கு மட்டும் யாரும் பழகவில்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்பது ஒரே பிடிவாதம்தான்: நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பதுபோல இடைவெளிக்கும் ஒத்திகை பார்க்க வேண்டும்.

நிகழ்ச்சிகளை எந்த வரிசையில் வைப்பது?

முதலில், எப்படி வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பெயர் கொடுத்த வரிசையிலும் வைக்காதீர்கள், சங்கங்களின் மூப்புப்படியும் வைக்காதீர்கள். மேடையில் என்ன பொருள் இருக்கும், யார் யார் வருவார்கள், எத்தனை மைக் வேண்டும் என்ற மூன்றையும் வைத்துத்தான் வரிசை போட வேண்டும்.

அதிகப் பொருள் தேவைப்படும் நாடகத்துக்கு நல்ல இடம் முதல் இடம். ஆரம்ப ஜெபத்துக்கு முன்பே எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிடலாம். முதலில் வைக்க முடியாவிட்டால், அதற்கு முன்னால் மேடையின் முன் விளிம்பிலேயே முடிந்துவிடுகிற ஒன்றை வையுங்கள்: தனிப்பாடல், இரண்டு பேர் உரையாடல், வசனம் ஒப்புவித்தல் இப்படி ஏதாவது. முன்னால் அது நடக்கும்போதே பின்னால் சாமான் ஏறிவிடும். பழைய நாடகக் கம்பெனிக்காரர்கள் செய்ததும் இதுதான். தெருக்காட்சி வரைந்த படுதாவை முன்னால் இறக்கி, அதற்கு முன் இரண்டு பேரைப் பேசவிட்டு, பின்னால் அரண்மனையை மாட்டிவிடுவார்கள். பார்க்கிறவனுக்கு இடைவெளி என்று ஒன்று இருந்ததே தெரியாது.

ஒரே பிள்ளை இரண்டு நிகழ்ச்சியில் இருந்தால் நடுவில் குறைந்தது இரண்டு நிகழ்ச்சி தள்ளிப் போடுங்கள். தேவதூதன் உடுப்பைக் கழற்றி மேய்ப்பனாக மாறுவதற்கு நாம் நினைப்பதைவிட நேரமாகும். சிறகை முதுகில் கட்டிய நாடாவில் முடிச்சு விழுந்திருக்கும்.

கிறிஸ்மஸ் தாத்தா கடைசி. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். அவர் மிட்டாயோடு உள்ளே வந்துவிட்டால் அதற்குமேல் ஒரு பிள்ளையையும் உட்காரவைக்க முடியாது.

எங்கள் கோயிலில் திரையே கிடையாது. ஆல்டருக்கு முன்னால் மூன்று படிதான் மேடை. என்ன செய்வது?

திரை இல்லாதது குறை என்று நான் நினைக்கவில்லை. பல இடங்களில் திரைதான் பாதி வழியில் சிக்கிக்கொண்டு மானத்தை வாங்குகிறது.

இடத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் முன்னணை; அதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை யாரும் தொடக் கூடாது. ஒரு பக்கம் ஏரோது ராஜாவின் நாற்காலி. இன்னொரு பக்கம் வயல், மேய்ப்பர்களுக்கு. மேய்ப்பர்கள் லூக்கா 2இல் வருகிறார்கள், சாஸ்திரிகளும் ஏரோதும் மத்தேயு 2இல். எழுதுகிறவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் நாடகமாக்குவார்கள். அதனால் வயல், முன்னணை, அரண்மனை, மறுபடி முன்னணை என்று காட்சி போய்ப் போய் வரும். இடம் மூன்றும் தயாராக இருந்தால் சாமானை நகர்த்த வேண்டாம், வெளிச்சத்தை நகர்த்தினால் போதும். இங்கே ஒரு ஃபோகஸ் லைட்டை அணைத்து அங்கே ஒன்றைப் போட்டால் காட்சி மாறிவிட்டது.

இன்னொரு வழி நம் கூத்திலேயே இருக்கிறது. தெருக்கூத்தில் முக்கிய வேடம் வரும்போது இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வேடம் துணிக்குப் பின்னால் நின்று பாடும், ஆடும். அப்புறம்தான் துணி விலகும். இதை நாங்கள் எட்டு முழ வேட்டியை வைத்துச் செய்துபார்த்தோம். இரண்டு தம்பிகள் வேட்டியைப் பிரித்துப் பிடிக்க, அதன் மறைவில் நான்கு தேவதூதர்கள் வந்து முழங்காலிட்டார்கள். வேட்டி சட்டென்று இறங்கியதும் அவ்வளவு கைதட்டல். வேட்டி பிடிக்கிறவர்கள் ஒரே உயரத்தில் இருப்பது நல்லது. எங்கள் ஆட்களில் ஒருவன் குட்டை. வெளிச்சம் அந்தப் பக்கத்தால் எட்டிப் பார்த்தது.

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குகிறவர் என்ன பேச வேண்டும்?

பாதி விழா இவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் முந்தின நாள் ராத்திரி போன் போட்டு, “தங்கச்சி, நாளைக்கு நீதான் கம்பியரிங்” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறோம்.

கூத்தில் கட்டியக்காரன் என்று ஒருவன் உண்டு. யார் வரப்போகிறார் என்று அறிவிப்பான், வருகிறவரிடம் கேள்வி கேட்பான், வேடம் தாமதமானால் கதையடித்து நேரத்தை ஓட்டுவான். கோமாளி வேலையும் பார்ப்பான், மேடை நிர்வாகமும் அவனிடம்தான். சபை விழாவில் தொகுத்து வழங்குகிறவருக்கும் அதே வேலை. கோமாளித்தனத்தை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு இடைவெளிக்கும் மூன்று அளவில் பேச்சைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள்: 20 விநாடி, 1 நிமிடம், 3 நிமிடம். மேடை ஓரத்தில் நிற்பவர் ஒரு விரல் காட்டினால் குறுக்க வேண்டும், கையை இழுத்துக் காட்டினால் நீட்ட வேண்டும். நீட்டுவதற்கு என்ன இருக்கிறது? வருகிற நாடகம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லலாம். பிள்ளைகளிடம் ஒரு வேதாகம வினா கேட்கலாம். எல்லாருக்கும் மனப்பாடமான கீர்த்தனையில் ஒரு சரணத்தைச் சபையாகப் பாடவைக்கலாம். கீபோர்டு தம்பிக்கு முன்கூட்டியே சுருதி சொல்லிவைத்தால் போதும். இந்தக் கடைசி வழிதான் எனக்குப் பிடித்தது. பாடுகிற கூட்டம் மேடையில் நாற்காலி நகர்வதைப் பார்ப்பதில்லை.

செய்யக் கூடாதது ஒன்று. கனமான காட்சி முடிந்த கையோடு, “வாவ், சூப்பர்! எல்லாரும் ஒரு பெரிய கைதட்டல் கொடுங்க” என்று பாய்ந்து வருவது. மனதுக்குள் பத்து எண்ணட்டும். சபை அமைதியாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. நகைச்சுவை நாடகத்துக்குப் பின்னால் இந்தப் பத்து தேவையே இல்லை. சிரிப்பு அடங்குமுன் வந்து நின்றுவிடலாம்.

மேடைக்குப் பின்னால் எத்தனை பேர் வேண்டும்?

ஐந்து பேர் போதும். மேடைக்கு ஒருவர். சாமான் தூக்க இரண்டு பேர். பிள்ளைகள் இருக்கும் அறையிலிருந்து அடுத்த அணியைக் கூட்டிவர ஒருவர். சவுண்ட் சர்வீஸ் அண்ணன் பக்கத்தில் தாளோடு ஒருவர். இந்த ஐந்து பேரும் அன்றைக்கு நடிக்கக் கூடாது, பாடகர் குழுவிலும் இருக்கக் கூடாது. இதற்கு ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். மேடையில் தெரியாத வேலைக்கு யாரும் கை தூக்குவதில்லை.

ஐந்து பேர் கையிலும் ஒரே தாள் இருக்க வேண்டும். எங்கள் தாளில் ஒரு வரி இப்படி இருக்கும்: “7. ஏரோது அரண்மனை. ஆட்கள் 6. வலது வாசலில் வந்து இடது வாசலில் போவார்கள். காலர் மைக் 2: ஏரோது, மூத்த சாஸ்திரி. பாட்டு 07. உள்ளே வருவது: நாற்காலி, சிவப்புத் துணி. வெளியே கொண்டுபோவது: படைவீரர்கள்.”

கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். ஏரோது கோபமாக எழுந்து போனதும் அவனுடைய படைவீரர்கள் இரண்டு பேர் விறைப்பாக வந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது நாடகத்தோடு நாடகமாகப் போய்விடும். சட்டை பேண்ட் போட்ட ஒரு தம்பி குனிந்துகொண்டே ஓடிவந்து தூக்கினால்தான் ஜனங்கள் அவனைப் பார்ப்பார்கள். குனிந்தால் தெரியாது என்று நம் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை.

மைக் மாற்றுவதில்தான் எங்களுக்கு நேரம் போகிறது. என்ன வழி?

காலர் மைக்கை ஒருவரிடமிருந்து கழற்றி அடுத்தவருக்கு மாட்டுவது மேடை ஓரத்தில் செய்கிற வேலையே இல்லை. இடுப்பில் பெட்டி, உடுப்புக்குள் வயர், காலரில் கிளிப் என்று அவசரமில்லாமல் செய்தாலே இரண்டு நிமிடம் ஆகிவிடும். நான்கு காலர் மைக் இருந்தால் இரண்டு இரண்டாகப் பிரியுங்கள். ஒற்றைப்படை நிகழ்ச்சிக்கு ஒரு ஜோடி, இரட்டைப்படைக்கு இன்னொரு ஜோடி. 5 மேடையில் நடக்கும்போது 6ஆம் நிகழ்ச்சிப் பிள்ளைகளுக்கு அறையில் நிதானமாக மாட்டிவிடலாம். வாடகைக்கு எடுக்கும்போது எல்லா மைக்கையும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு செட் ஒரே அலைவரிசையில் இருந்தால் சேர்ந்து வேலை செய்யாது. அதை விழா அன்று கண்டுபிடிப்பதைப்போலக் கொடுமை வேறில்லை.

மைக்கை அணைப்பதும் திறப்பதும் மிக்ஸரில்தான் நடக்க வேண்டும். பிள்ளைகளிடம் சுவிட்சைத் தொடாதே என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால் மிக்ஸரில் இருப்பவர் தூங்கக் கூடாது. ஒரு யோசேப்பு மைக்கோடு கழிப்பறைக்குப் போய்வந்த கதையை எங்கள் சபை இன்னும் மறக்கவில்லை.

காலர் மைக் கட்டுப்படியாகாத சபைகளுக்கு ஸ்டாண்ட் மைக் மூன்றே போதும். நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் காட்டிவிட்டால் பிள்ளைகளே மைக்கிடம் வருவார்கள். மைக் பிள்ளைகளைத் தேடி அலைய வேண்டாம்.

பாட்டு, பின்னணி இசை?

எல்லாப் பாட்டையும் இரண்டு நாள் முன்பே வாங்கி, நிகழ்ச்சி எண்ணை முன்னால் போட்டுப் பெயரிட்டு, லேப்டாப்பில் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். அதன் நகல் ஒரு பென் டிரைவில் இருக்கட்டும். விழா நேரத்தில் “அண்ணே, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கேன், டவுன்லோட் பண்ணிக்கோங்க” என்று வருகிற தம்பியிடம் கோபப்படாதீர்கள், ஆனால் ஏற்றுக்கொள்ளவும் செய்யாதீர்கள்.

ஒரு பாட்டு முடிந்ததும் பிளேயர் தானாக நிற்கும்படி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் துக்கமான காட்சி முடிந்து எல்லாரும் தலைகுனிந்திருக்கும்போது அடுத்த நிகழ்ச்சியின் குத்துப்பாட்டு தானாக ஆரம்பிக்கும். போனிலிருந்து போடுவதாக இருந்தால் ஏரோபிளேன் மோட் கட்டாயம். அழைப்பு வந்தால் மணி ஊர் முழுக்கக் கேட்கும்.

முழு விளக்கையும் அணைத்துவிட்டுச் சாமானை மாற்றலாமா?

பெரியவர்கள் நடிக்கும் நாடகமென்றால் சரி. பிள்ளைகள் இருக்கும் மேடையில் முழு இருட்டு வேண்டாம். படி தடுக்கும், வயர் தடுக்கும், நீள அங்கி தடுக்கும். ஒரு நீல பல்ப் மட்டும் எரிந்தால் போதும். ஜனங்களுக்கு இரவு மாதிரி இருக்கும், பிள்ளைகளுக்குக் கால் வைக்கும் இடம் தெரியும்.

தரையில் அடையாளத்துக்குச் சிலர் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். வண்டிக்கு ஒட்டுகிற அந்த ஸ்டிக்கர் வெளிச்சம் பட்டால்தான் பளிச்சிடும், இருட்டில் தானாக மினுங்காது. வெள்ளை டேப்பும் நீல பல்பும் அதைவிட நன்றாக வேலை செய்யும். நிஜ மெழுகுவர்த்தியை மேடை ஓரத்தில் வைக்காதீர்கள். வலைத்துணிச் சிறகுகள் அந்த வழியாகத்தான் ஓடும். பேட்டரி மெழுகுவர்த்தி போதும்.

சின்னப் பிள்ளைகளை எப்படி நிறுத்திவைப்பது?

நிறுத்திவைக்க முடியாது. உட்காரவைக்கலாம்.

மேடையில் ஒரு அணி, ஓரத்தில் ஒரு அணி, அறையில் உடுப்போடு தயாராக ஒரு அணி. மற்றவர்கள் எல்லாரும் அம்மா அப்பாவோடு பெஞ்சில் இருக்கட்டும். முப்பது பிள்ளைகளை இரண்டு மணி நேரம் ஒரு வகுப்பறையில் அடைத்துவைத்தால் கடைசியில் ஆட்டுக்குட்டிக்குக் காது இருக்காது, சாஸ்திரிக்குத் தாடி இருக்காது. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை முதல் முக்கால் மணி நேரத்துக்குள் மேடையேற்றிவிடுங்கள். அப்புறம் தூக்கம், இல்லையென்றால் அழுகை.

இன்னொரு தாமதம் பெற்றோரால் வருவது. நாடகம் முடிந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு படியேறி, “இங்க பாரு, சிரி” என்று நிற்பார்கள். திட்டிப் பிரயோஜனமில்லை. அறை வாசலில் ஸ்டாரும் சீரியல் லைட்டும் மாட்டி ஒரு இடம் ஒதுக்கி, படமெல்லாம் அங்கே என்று ஆரம்பத்திலேயே அறிவித்துவிட்டால் கூட்டம் அங்கே போய்விடும்.

ஐயர் (சபைப் போதகர்) செய்தி, அதாவது பிரசங்கம், எங்கே வர வேண்டும்? அந்த நேரத்தில் மேடையை மாற்றிக்கொள்ளலாமா?

செய்தியை நடுவில் வைக்கலாம், அதிக வேலை பிடிக்கிற காட்சிமாற்றத்துக்கு முன்னால். ஆனால் ஐயர் பேசும்போது பின்னால் ஆணி அடிப்பதும் நாற்காலி இழுப்பதும் சரியில்லை. காணிக்கை எடுக்கும்போது சபை பாடும், ஜனங்கள் பையைத் துழாவிக்கொண்டிருப்பார்கள். சாமானை நகர்த்த அந்த மூன்று நான்கு நிமிடம்தான் நேரம். செய்தியும் காணிக்கையும் அடுத்தடுத்து வந்தால் ஐயருக்கும் வசதி, நமக்கும் வசதி. “ஐயா, பன்னிரண்டு நிமிஷம்” என்று முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவைக்கலாம். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கரண்ட் போனால்?

ஜெனரேட்டர் எடுக்கும்வரை பிள்ளைகள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஒத்திகையில் ஒருமுறை செய்துபாருங்கள். டிஜிட்டல் மிக்ஸர் என்றால் மறுபடி உயிர் பெறவே நேரம் பிடிக்கும். அதற்கும் லேப்டாப்புக்கும் ஒரு யுபிஎஸ் போட்டுவிடுங்கள்.

பந்தலில் நடத்துகிறோம். எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும்?

2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பண்டிகை நாட்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. அந்தத் தளர்வு உங்கள் நாளுக்கு உண்டா என்று காவல் நிலையத்தில் அனுமதி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நான் 9.30க்கு முடிப்பதாகத்தான் தாள் போடுவேன். நன்றியுரை எப்படியும் அரை மணி நேரத்தைத் தின்றுவிடும்.

பெரிய வெள்ளிக்குப் பாடுகளின் நாடகம் (இயேசுவின் வேதனையும் சிலுவை மரணமும்) போடுகிறோம். அதற்கும் இதே முறைதானா?

இல்லை. கிறிஸ்மஸ் கலைவிழா தனித்தனி நிகழ்ச்சிகளின் தொகுப்பு. பாடுகளின் நாடகம் ஒரே ஓட்டம். அதில் தொகுத்து வழங்குகிறவர் வரவே கூடாது. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே வேதவாசிப்பும் பாடகர் குழுவும் போதும். இயேசு கைதான கெத்செமனேயிலிருந்து அவரை விசாரித்த பிலாத்துவிடம் போகிற வழியை ஜனங்களுக்கு நடுவிலேயே வைத்தால், ஊர்வலம் கோயிலைச் சுற்றி வருவதற்குள் மேடை மாறிவிடும். யாழ்ப்பாணத்தில் 1965இல் மரிய சேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளைப் பெரிய அரங்க நிகழ்வாகவே வளர்த்தது. அந்த அளவுக்கு நம்மிடம் ஆளும் பணமும் கிடையாது. பாட்டையும் ஊர்வலத்தையும் கையாள எந்தச் சபையாலும் முடியும்.

சிலுவையை நிமிர்த்தும் நேரத்தை மட்டும் கடிகாரம் வைத்து அளந்துகொள்ளுங்கள். பாட்டு அதைவிட ஒரு சரணம் நீளமாக இருக்கட்டும். பாட்டு முடிந்தும் சிலுவை பாதியில் நின்றால் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

இடைவெளிக்கு ஒத்திகை என்கிறீர்களே, அதை எப்படிச் செய்வது?

விழாவுக்கு முந்தின சனிக்கிழமை எல்லா அணியையும் வரச் சொல்லுங்கள். நாடகம் எதையும் முழுசாக நடிக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு வசனம், வெளியேறுவது, சாமான் மாறுவது, தொகுப்பாளர் பேசுவது, அடுத்ததில் முதல் இரண்டு வசனம், அவ்வளவுதான். 13 இடைவெளியையும் இப்படிப் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும். கையில் போன் கடிகாரத்தோடு ஒருவர் நின்று, 1 நிமிடம் தாண்டிய இடத்தையெல்லாம் தாளில் வட்டமிடட்டும். அந்த வட்டங்களை மட்டும் மறுபடி செய்துபாருங்கள்.

“நாங்க ஏற்கனவே நல்லா பழகிட்டோம், அண்ணா” என்று வராமல் இருக்கிற அணி ஒன்று எப்போதும் இருக்கும். விழா அன்று எதிர்த் திசையிலிருந்து மேடைக்கு வந்து முட்டிக்கொள்வது அவர்கள்தான்.

ஒரு அணி நேரத்துக்குத் தயாராகவில்லை என்றால் காத்திருக்கலாமா?

வேண்டாம். அடுத்ததை மேலே தள்ளுங்கள். மேடையும் மைக்கும் அதிகம் கேட்காத இரண்டு நிகழ்ச்சிகளை, ஒரு தனிப்பாடல், ஒரு கவிதை வாசிப்பு என்று, எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொள்ள முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். அந்த இரண்டு பேரும் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் சரி.

எல்லாம் முடிந்த பிறகு?

நாடகம் 24ஆம் தேதி ராத்திரி என்றால் உங்கள் கடைசி இடைவெளி விடியற்காலை ஆராதனைக்கு முன்னால் வருகிறது. டீயும் கேக்கும் ஒரு பக்கம் ஓடட்டும். சாமான் தூக்கிய அந்த இரண்டு பேரை மட்டும் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். தரையில் ஒட்டிய டேப்பை உரிக்க வேண்டும், காலர் மைக் நான்கும் பெட்டிக்குள் வந்ததா என்று எண்ண வேண்டும், ஆல்டர் படியில் கிடக்கிற வைக்கோலைப் பெருக்க வேண்டும். வைக்கோலுக்கு இரண்டு துடைப்பம் தேவைப்படும். ஒன்று தென்னந்துடைப்பமாக இருக்கட்டும்.